குளிர்காற்றும் கானல்நீரும்

அண்மைக் காலமாக நமது தீவுப்பகுதி இளைஞர் சிலரிடையே புதியதொரு மோகம் தலைகாட்டியுள்ளது. டேர்போ பொருத்திய காரொன்று கைக்கு வந்ததும், அதனை உற்பத்தி செய்தோர் அமைத்த காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி வீட்டின் ஒரு மூலையிற் போட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட பளபளக்கும் அலுமினியக் குழாயையும் கூம்பு வடிவ வடிகட்டியையும் அதன் இடத்திற் பூட்டிக்கொள்வதே அம்மோகமாகும். சந்தையில் இதற்குக் 'கோல்ட் எயார் இன்ரேக்' என்று பெயர். குளிர்காற்று உள்ளிழுப்புக் குழாய் என நாம் தமிழிற் கூறலாம். எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கிறது, ஆகவே வலு கூடுகிறது, எரிபொருள் மிஞ்சுகிறது, எஞ்சின் நீண்டகாலம் உழைக்கிறது என்பன இதனை விற்போர் கூறும் வாசகங்கள்.

ஒரு குழாயைப் பற்றிப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டிதழில் எழுத வேண்டிய தேவை என்ன என்று சிலர் வினவக்கூடும். கவிதையும் காப்பியமும் பேச வேண்டிய இடத்திற் காற்று வடிகட்டிக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்போரும் இருக்கலாம். அவர்களுக்கு என் விடை இதுதான்: ஒரு சமூகம் தான் நாள்தோறும் கையாளும் பொருள்களைப் பற்றித் தன் சொந்த மொழியிற் சிந்திக்க மறந்துவிடுமாயின், அப்பொருள்களைப் பற்றிய சிந்தனையை விற்பனையாளனே அதற்காகச் செய்து கொடுப்பான். குழாய் ஒரு சாட்டு மாத்திரமே. இங்கு எழும் வினா, கேட்கும் பழக்கம் நம்மிடம் எஞ்சியுள்ளதா என்பதாகும்.

காற்றை அறிந்தவர்களின் ஊர்

புங்குடுதீவு காற்றை அறிந்த ஊர். சோளகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும், கச்சானின் குணம் என்ன, கொண்டல் எதனைக் கொண்டுவரும் என்பவற்றை ஏட்டிற் படியாமலே அறிந்த கடலோடிகளின் வழித்தோன்றல்கள் நாம். பாய்மரத் தோணியிற் சரக்கேற்றிச் சென்ற ஒருவனுக்குக் காற்று என்பது கற்பனை அன்று. அதன் திசை, வேகம், ஈரம் ஆகியன யாவும் அவனது உயிரோடும் முதலோடும் பிணைந்தவை. அத்தகையோரின் பேரப்பிள்ளைகள் இன்று காற்றைப் பற்றிய ஒரு கூற்றை, அது ஆங்கில எழுத்துக்களில் அச்சிடப்பட்ட அட்டைப்பெட்டியில் வந்தது என்ற ஒரே காரணத்துக்காக, வினாவின்றி ஏற்றுக்கொள்கின்றனர். இதுவே எனக்கு வருத்தத்தைத் தருவது.

டேர்போ காரொன்று நமது தெருவுக்கு வந்த வரலாற்றையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூக்கி என்ற பொறியியலாளர் 1905இல், எஞ்சினிலிருந்து வெளியேறும் கழிவு வாயுவின் சக்தியைக்கொண்டே அதே எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் விமானங்களிலும் பயன்பட்ட அம்முறை, 1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கார்களிலும், 1970களில் ஐரோப்பியக் கார்களிலும் இடம்பெற்றது. நமது நாட்டிலோ அது விளையாட்டுக்காக வரவில்லை, வரிக்காக வந்தது. இலங்கையில் இறக்குமதி வாகனத்தின் உற்பத்தி வரி எஞ்சினின் கனவளவை அடிப்படையாகக் கொண்டு கணிக்கப்படுவதால், 1000 கன சென்ரிமீற்றர் எல்லைக்குள் நின்று கூடிய வலுவைத் தரக்கூடிய சிறிய டேர்போ எஞ்சின்கள் விரும்பப்படலாயின. ஹொண்டா சிவிக்கின் ஒரு லீற்றர் வகையும், பின்னர் டொயோட்டா றைஸ் போன்றனவும் இவ்வாறே வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், தனியார் கார்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியதும் யாவரும் அறிந்ததே. அவ்விடைக்காலத்தில் உள்ள காரையே பேண வேண்டியவர்களாக நாம் இருந்தோம். ஒரு கார் பழுதானால் அதற்கு ஈடாக இன்னொன்றை எளிதிற் பெற முடியாத நாட்டில் வாழ்கிறோம் என்ற உண்மையை இவ்விவாதத்தில் ஒருகணமும் மறத்தலாகாது.

கணக்கு என்ன கூறுகிறது?

குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. ஒரே கனவளவில் அதில் ஒட்சிசன் அதிகம். ஆகவே கூடிய எரிபொருளை எரிக்கலாம். இது உண்மை. விற்பனையாளன் பொய் கூறவில்லை. உண்மையின் ஒரு பாதியைக் கூறி மறுபாதியை மறைக்கிறான். அம்மறுபாதியைச் சாதாரண பௌதிகத்தின் துணைகொண்டே கணித்துவிடலாம்.

டேர்போ இல்லாத எஞ்சினொன்று 45 பாகை செல்சியஸ் காற்றை உள்ளிழுப்பதற்குப் பதிலாக 30 பாகைக் காற்றை உள்ளிழுக்கிறது என வைத்துக்கொள்வோம். தனிவெப்பநிலையிற் கூறின் முன்னையது 318 கெல்வின், பின்னையது 303 கெல்வின். இரண்டுக்கும் இடையிலான அடர்த்தி வேறுபாடு ஏறத்தாழ 5 வீதம். இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. குளிர்காற்றுக் குழாயின் புகழ் பிறந்தது இத்தகைய எஞ்சின்களிலேயே.

இனி டேர்போ எஞ்சினை எடுப்போம். வளிமண்டல அமுக்கத்தைப்போல் இரு மடங்குக்குக் காற்று அமுக்கப்படுவதாகவும், அமுக்கியின் திறன் 70 வீதம் எனவும் கொள்வோம். அமுக்கப்படும் காற்று சூடேறும் என்பது சைக்கிளுக்குக் காற்றடித்த எவரும் பம்பின் அடியைத் தொட்டு அறிந்ததே. 30 பாகையில் உள்ளே சென்ற காற்று அமுக்கியை விட்டு ஏறத்தாழ 125 பாகையில் வெளிவரும். 45 பாகையிற் சென்றது ஏறத்தாழ 145 பாகையில் வெளிவரும். வேறுபாடு 20 பாகையாக வளர்ந்துவிட்டதே என்று குழாய்க் கட்சியினர் மகிழலாம். அவசரம் வேண்டாம். இக்காற்று நேரே சிலிண்டருக்குள் நுழைவதில்லை. காரின் முன்புறத்தில், வெளிக்காற்றுப் படும் இடத்தில் வைக்கப்பட்ட இன்ரர்கூலர் என்னும் குளிர்விப்பானூடாகவே அது செல்கிறது. அக்குளிர்விப்பானின் திறனும் 70 வீதம் எனக் கொண்டால், முதற் காற்று 58 பாகைக்கும் மற்றையது 64 பாகைக்கும் இறங்கிவிடும். வாயிலில் 15 பாகையாக இருந்த வேறுபாடு, சிலிண்டரின் தலைவாயிலில் 6 பாகையாகச் சுருங்கிவிட்டது. அடர்த்தியில் அது 2 வீதத்தையும் எட்டாது.

வாயிலில் 15 பாகை வேறுபாடு என நான் கொண்டதும் விற்பனையாளனுக்குச் செய்த சலுகையே. இன்றைய கார்களிற் பெரும்பாலானவற்றில் உற்பத்தியாளர் அமைத்த காற்றுவழி, முன்புறச் சட்டத்துக்குப் பின்னிருந்து வெளிக்காற்றையே உறிஞ்சுகிறது. அதாவது, 'குளிர்காற்று' ஏற்கெனவே அங்கு உண்டு. அதற்கு மாறாக, மூடுபெட்டியின்றி எஞ்சின் அறைக்குள்ளே திறந்துவிடப்படும் கூம்பு வடிகட்டி, றேடியேற்றருக்குப் பின்னால் வெந்து கிடக்கும் காற்றையே இழுக்கிறது. பண்ணைப் பாலத்தைக் கடந்து வேகமாகச் செல்கையில் இக்குறை தோன்றாதிருக்கலாம். யாழ்ப்பாண நகரின் பேருந்து நிலையத்தருகே நெரிசலில் நிற்கையில் அவ்விளைஞன் பணம் கொடுத்து வாங்கியது குளிர்காற்று அன்று; சூட்டுக்காற்று.

காற்றுவழியின் தடை குறைகிறதே என்பது அடுத்த வாதம். இதற்கும் கணக்குண்டு. தூய வடிகட்டியொன்று முழு வேகத்தில் 3 கிலோபாஸ்கல் அமுக்கத்தை இழக்கச் செய்கிறது எனக் கொள்வோம். அத்தடையை முற்றாக நீக்கினாலும், அமுக்கியை விட்டு வெளிவரும் காற்றின் வெப்பம் ஐந்து பாகையளவிலேயே குறையும். இன்ரர்கூலருக்குப் பின்னர் அது ஒன்றரைப் பாகை. எந்த வடிகட்டியும் தடையை முற்றாக நீக்குவதில்லை என்பதையும் சேர்த்து நோக்குக. மேலும், இக்காலத்து டேர்போ எஞ்சினை ஆள்வது கணினி. எவ்வளவு விசை வேண்டுமெனக் கணித்து, கழிவு வாயுவைத் திருப்பிவிடும் வாயிலைத் திறந்தும் மூடியும் அது அமுக்கத்தை நிர்ணயிக்கிறது. காற்று எளிதாக வந்தால், வாயிலைச் சற்றுக் கூடத் திறந்துவிட்டு முன்னிருந்த விசையையே அது தந்துகொண்டிருக்கும். குழாயை மாற்றியவன் பெற்றது வலு அன்று, ஒலி. டேர்போ காற்றை உறிஞ்சும் சீற்றம் பெட்டிக்குள் அடங்கியிருந்தது. இப்பொழுது வெளியே கேட்கிறது. காது கேட்டதைக் கால் உணர்ந்ததாக மனம் எண்ணிக்கொள்கிறது.

நன்மை எங்கே உண்டு?

எதிர்வாதத்தை அதன் வலிமையான வடிவிற் சந்திப்பதே நேர்மை. நன்மையே இல்லை என்று நான் கூறவில்லை. பெரிய டேர்போ பொருத்தி, கணினியின் நிரலையும் மாற்றி, உற்பத்தியாளர் எண்ணிய அளவுக்கு மேலாகக் காற்றை இழுக்கும் எஞ்சினுக்குப் பழைய பெட்டி உண்மையிலேயே ஒடுக்கமானதாகிவிடும். அங்கு தக்க விட்டமும், வெப்பக் காப்புள்ள மூடுபெட்டியும் உடைய உள்ளிழுப்பு வழி தேவை. பந்தயப் பாதையில் டேர்போ விரைந்து சுழன்றெழுவதற்கும் அது உதவும். வெளிக்காற்றே 45 பாகையை அண்மிக்கும் பாலைநிலங்களில் எஞ்சினின் முட்டொலியைத் தவிர்க்க ஒவ்வொரு பாகையும் மதிப்புடையது. அளந்து, நிரலிட்டு, மீண்டும் அளந்து செய்யப்படும் மாற்றத்தை நான் மதிக்கிறேன். அது பொறியியல்.

உற்பத்தியாளன் செய்ததைத் தொடுவதே பாவம் என்று கூறும் பெரியோரோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதன் பின்னர் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் அரும்பொருளாயிற்று. மின்சாரமும் அற்றுப்போயிற்று. 1991இல் புங்குடுதீவை விட்டு இடம்பெயர்ந்தோர் பலரும் அக்குடாநாட்டிலேதான் அக்காலத்தைக் கழித்தனர். அப்போது மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் நமது தொழிலாளர். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறையை அவர்கள் கையாண்டனர். இதன் பௌதிகத்தை எண்ணிப் பாருங்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைவிட உயர்ந்த வெப்பநிலையிலேயே ஆவியாகும். ஆகவே அவ்வெஞ்சினுக்கு வேண்டியிருந்தது குளிர்ச்சி அன்று, சூடு. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் தாழ்ந்தது. ஆகவே அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே அதற்கு ஈடுகொடுத்தன. பட்டறையில் நின்ற மனிதனிடம் இவற்றுக்கான சமன்பாடுகள் இல்லாதிருக்கலாம். எனினும் அவனிடம் ஒரு வினா இருந்தது: இவ்வெஞ்சினுக்கு இப்பொழுது என்ன வேண்டும்? அவ்வினாவிலிருந்தே அவன் கைகள் செயற்பட்டன. அவன் செய்ததும் மாற்றம். இன்று நடப்பதும் மாற்றம். ஒன்று தேவையிலிருந்து பிறந்தது. மற்றையது அட்டைப்பெட்டியிலிருந்து பிறக்கிறது. இவ்வேறுபாட்டைக் காணாது இரண்டையும் 'மெக்கானிக் மூளை' என்று ஒரே தட்டில் வைத்துப் புகழ்வோர், அந்த மூத்த தொழிலாளரை அவமதிக்கின்றனர்.

புழுதி, உப்பு, வெள்ளம்

இனி ஆபத்துக்களைக் காண்போம். எங்கோ உள்ள நாட்டின் ஆபத்துக்கள் அல்ல. நமது தெருவின் ஆபத்துக்கள்.

ஒரு லீற்றர் பெற்றோலை எரிப்பதற்கு ஏறத்தாழ 11 கிலோகிராம் காற்று வேண்டும். நமது வெப்பநிலையில் அது 9000 லீற்றருக்கும் மேற்பட்ட கனவளவு. வல்லன் பக்கமோ குறிகட்டுவான் பக்கமோ சோளகக் காலத்திற் பயணம் செய்யும் கார் இவ்வளவு காற்றையும் மணலோடும் சுண்ணத்தூளோடும் உப்போடுமே இழுக்கிறது. காகித வடிகட்டி அழகற்றதுதான். ஆயினும் நுண்புழுதியை மறித்துவைப்பதே அதன் முதற்கடன். அதனூடு தப்பும் மணல்துகள் முதலிற் சென்று மோதுவது நிமிடத்துக்கு இலட்சக்கணக்கான தடவை சுழலும் டேர்போவின் சிறகுகளில். அடுத்துச் சிலிண்டரின் சுவரில். காற்று வடிகட்டிகளைப் பரிசோதிப்பதற்கு ஐஎஸ்ஓ 5011 என்னும் சர்வதேசத் தரமொன்று உண்டு. எவ்வளவு புழுதியை மறிக்கிறது, எவ்வளவு தடை தருகிறது, எவ்வளவு புழுதியைத் தாங்குகிறது என்ற மூன்றையும் அது அளவிடும். குழாயை விற்க வருபவனிடம் அப்பரிசோதனையின் பெறுபேற்றைக் கேளுங்கள். தடை குறைவு என்ற ஒன்றை மாத்திரம் கூறி மற்றைய இரண்டிலும் மௌனம் சாதிப்பானாயின், அம்மௌனமே விடையாகும்.

கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்பது இத்தகைய பருத்தி வடிகட்டிகளுக்குக் கூறப்படும் பெருமை. கழுவுவதற்கு நன்னீர் வேண்டும். 1971இல் நமது ஊரிலே ஒடுக்கப்பட்ட மக்களின் நன்னீர் உரிமைக்காக எழுத்தாளர் மு. தளையசிங்கம் முன்னின்று போராடி, அடியும் சிறையும் பெற்றார் என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விரித்துக் கூற வேண்டியதில்லை. ஒரு குடம் நன்னீருக்கு அத்தகைய வரலாறுள்ள மண்ணில், வடிகட்டியை ஆறப்போட்டுக் கழுவி, காயவைத்து, அளவாக எண்ணெய் பூசிப் பேணுவோர் எத்தனை பேர்? எண்ணெய் மிஞ்சினால் அது காற்றளவை உணரியின் சூட்டுக்கம்பியிற் படியும். பல கார்களில் உள்ளே வரும் காற்றின் திணிவை அளந்து கணினிக்கு அறிவிப்பது அக்கம்பியே. அது பிழையாக அளந்தால் எரிபொருளும் பிழையாகவே செல்லும். குழாயின் விட்டம் மாறினும் இதுவே நிகழும். எரிபொருள் மிஞ்சும் என்று சொல்லி வாங்கிய பொருள் எரிபொருளை வீணாக்கவும் கூடும். 2022இல் வரிசையில் நின்று, கியூஆர் அட்டைக்கு அளந்து பெற்றோல் பெற்ற மக்களுக்கு இதன் பொருள் விளங்காமற்போகாது.

யாவற்றிலும் கொடியது வெள்ளம். குளிர்காற்றைத் தேடிக் குழாயைக் கீழிறக்கி, முன்சக்கரத்தின் அருகே பம்பரின் பின்னால் வடிகட்டியை வைக்கும் அமைப்பு உண்டு. உற்பத்தியாளர் காற்றின் வாயிலை ஏன் உயரத்தில் வைத்தார் என்று கேளாதவர்களே இதனைச் செய்வர். ஒரு லீற்றர் கனவளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் ஏறத்தாழ 333 கன சென்ரிமீற்றர். அமுக்க விகிதம் 10 ஆயின், பிஸ்டன் மேலே வந்து நிற்கையில் அதன்மேல் எஞ்சும் இடம் 37 கன சென்ரிமீற்றர் மாத்திரமே. அஃதாவது இரண்டரை மேசைக்கரண்டி. காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. இரண்டரை மேசைக்கரண்டி நீர் ஒரு சிலிண்டருக்குள் புகுந்தால் பிஸ்டன் சுவரில் மோதியதுபோல் நிற்கும். அதனை உந்தும் தண்டு வளையும் அல்லது முறியும். நமது ஊரின் உட்தெருக்களில் கார்த்திகை மாரிக்கு முழங்கால்வரை நீர் நிற்பது புதுமையன்று. 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டையே நீரில் ஆழ்த்தியதை நாம் கண்டோம். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியின் இருமருங்கும் கடல். கடும் வாடையில் அலை தெறித்துத் தெருவை நனைக்கும். அங்கு தாழ வைத்த வடிகட்டி உப்புநீருக்கு வாய் திறந்து காத்திருக்கிறது.

நான் அறிந்த இளைஞர் ஒருவர் இவ்வாறே செய்தார். தமையனார் கனடாவில் இரவு வேலை செய்து அனுப்பிய பணத்தில் வாங்கிய கார். குழாயும் அங்கிருந்தே பரிசாக வந்தது. மாரியில் ஒருநாள் மாலை, நோயுற்ற தாயாரை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் புறப்பட்டவர், ஊருக்குள்ளேயே நீர் நின்ற தாழ்வான தெருவொன்றிற் காரோடு நின்றுவிட்டார். மூன்றே நொடியில் எஞ்சின் செத்தது. அன்று அத்தாயாரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுசென்றது, அயலவர் ஒருவரின் பழைய டீசல் வான். அதுவும் டேர்போ வாகனமே. ஆனால் அதன் காற்று வாயில் உற்பத்தியாளர் வைத்த இடத்திலேயே இருந்தது. தாயார் பிழைத்தார். வளைந்த தண்டுக்கும் புதிய எஞ்சினுக்கும் கொடுத்த பணத்தை உழைக்கத் தமையனார் இன்னும் எத்தனை இரவுகள் விழித்திருந்தாரோ, நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவும் இல்லை.

யாருடைய வலு? யாருடைய பணம்?

இங்கு ஒரு சமூக உண்மையையும் மறைக்காது கூறுதல் வேண்டும். பண்ணையிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைவரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அதற்கப்பால் நயினாதீவுக்குப் படகு. காருக்குத் தெரு இல்லை. இத்தெருவில் மாடும் ஆடும் சைக்கிளும் பள்ளிப் பிள்ளைகளும் செல்கின்றனர். நயினை நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் நடந்து செல்லவும் இடமிராது. இங்கு கூடுதற் குதிரைவலு எதற்கு? எதற்கும் அன்று என்பது எல்லோர்க்கும் தெரியும். குழாய் வாங்கப்படுவது தெருவுக்காக அன்று, பார்ப்போருக்காக. ரொறன்ரோவிலும் பரிசிலும் சூரிச்சிலும் வாழும் உறவினரின் வாழ்க்கையில் ஒரு துண்டைத் தானும் பெற்றுவிட்டதாக எண்ணும் ஆசை அதில் அடங்கியுள்ளது. அவ்வாசையை நான் எள்ளி நகையாடவில்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் தெருவில் எஞ்சி நிற்கும் ஓர் இளைஞன், தானும் உலகின் ஒரு பகுதி என்று ஒலியெழுப்பிக் காட்ட முனைவதை இரக்கமின்றிப் பார்க்க இயலாது.

ஆனால் அவ்வுறவினர் வாழும் நாடுகளின் முழு உண்மையையும் அவன் அறிதல் வேண்டும். சுவிட்சர்லாந்தில் எஞ்சினின் ஒலியையும் புகையையும் பாதிக்கும் மாற்றங்கள் மாநில வீதிப் போக்குவரத்து அலுவலகத்தின் பரிசோதனைக்கும் அங்கீகாரத்துக்கும் உட்பட்டவை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ளிழுப்புக் குழாயொன்றைத் தெருவில் ஓடும் காருக்குப் பூட்டுவதாயின், அம்மாநில வளிவள நிறுவனத்தின் விலக்களிப்பு ஆணை எண் அப்பொருளுக்கு இருத்தல் வேண்டும். அங்கெல்லாம் பொருள் பரிசோதனையோடு விற்கப்படுகிறது. இங்கே பொருள் மாத்திரம் வந்து சேர்கிறது; பரிசோதனை வருவதில்லை. நமது நாட்டிலும் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை உண்டு. ஆயினும் ஆண்டுக்கொரு முறை அதற்குச் செல்லுமுன் பழைய பெட்டியை மாட்டி, மறுநாள் கழற்றிவிடும் தந்திரத்தை அறியாதார் இல்லை. சட்டத்தை ஏமாற்றலாம். 37 கன சென்ரிமீற்றரை ஏமாற்ற முடியாது.

சுதந்திரம் என்ற சொல்லை இங்கே இழுப்போரும் உளர். என் கார், என் பணம், என் விருப்பம் என்பது அவர்களின் வாதம். கார் உன்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். பணம் பெரும்பாலும் உன்னுடையதன்று. விருப்பமும் உன்னுடையதுதானா என்பதை ஆராய்ந்து பார். எதனை விரும்ப வேண்டும் என்று வேறொருவன் எழுதிக் கொடுக்க, அதனை நீ உன் விருப்பமென்று வாசிக்கிறாயாயின், அதில் சுதந்திரம் எங்கே உள்ளது? அளந்து பார்த்து, நன்மை தீமை அறிந்து, அதன் பின்னரும் ஒலிக்காகவே இதனைப் பூட்டுகிறேன் என்று கூறும் இளைஞனை நான் மதிப்பேன். அவன் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை.

செய்யத்தக்கது

கண்டனத்தோடு நிறுத்துவது நமது கடமையைத் தட்டிக்கழிப்பதாகும். பல்கலைக்கழகத்தில் இருப்போர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. காரின் கணினியோடு இணைத்து உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் அமுக்கத்தையும் வாசிக்கும் சிறு கருவி இன்று ஒரு கைத்தொலைபேசியோடு இயங்குகிறது. ஒரே காரில், ஒரே நாளில், பண்ணையிலிருந்து குறிகட்டுவானுக்கும் அங்கிருந்து மீண்டும் பண்ணைக்கும், முதலிற் பழைய பெட்டியோடும் பின்னர் புதிய குழாயோடும் ஓட்டி அளந்து, பெறுபேற்றைத் தமிழில் வெளியிடலாம். கிளிநொச்சி அறிவியல்நகரிலும் பேராதனையிலும் பொறியியல் பயிலும் நமது மாணவர்க்கு இது ஒரு வார இறுதியின் வேலை. என் கணக்கு பிழையென அவ்வளவீடு காட்டுமாயின் அதனை ஏற்று, இதே இதழில் அடுத்த ஆண்டு திருத்தி எழுத நான் ஆயத்தமாக உள்ளேன். குழாய்க் கட்சியினரும் அத்தகைய ஆயத்தத்தோடு வரட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் உடற்கூற்றியலையும் இரண வைத்தியத்தையும் தமிழில் எழுதியும் கற்பித்தும் வந்தார். நரம்பையும் நாடியையும் சொல்ல அன்று போதுமாயிருந்த மொழி, ஒரு வடிகட்டியின் தன்மையைச் சொல்ல இன்று போதாதாகிவிட்டதா? மொழியில் ஏதும் குறைந்துவிடவில்லை. நாம் அதனை மேடைக்கும் மலருக்கும் ஒதுக்கிவிட்டு, பட்டறையையும் தெருவையும் விளம்பரத்தின் மொழியிடம் ஒப்படைத்துவிட்டோம். ஒப்படைத்ததன் விலையை யாரோ ஒரு தமையன் தொலைதூரத்தில் இரவுவேலை செய்து செலுத்திக்கொண்டிருக்கிறான்.

ஆகவே, அடுத்த முறை அட்டைப்பெட்டியொன்று வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும்போது, அதனைத் திறக்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். உள்ளே செல்லும் காற்று இப்பொழுது எத்தனை பாகை? இது எவ்வளவு புழுதியை மறிக்கும்? இதன் வாய் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும்? பாய்விரிக்குமுன் வானத்தையும் கடலையும் பார்த்து நம் பாட்டன்மார் கேட்ட வினாக்களும் இவ்வகையினவே. விடை கிடையாதவிடத்து அவர்கள் தோணியை அவிழ்த்ததில்லை.